மிதிபட்ட இடங்களின் படம்: மாண்டல்பிராட் கணத்தை வேறு விதமாக வரைதல்

[திரையில்: அதிகாலை மெரினா மணல், காலடித் தடங்கள்]

மெரினாவில் காலை நடைக்கு வருபவர்களை இரண்டு விதமாகக் கணக்கெடுக்கலாம். ஒவ்வொருவரும் எத்தனை அடி வைத்தபின் மணலை விட்டு வெளியேறினார் என்று எண்ணுவது ஒரு விதம். யார் நடந்தார் என்பதை மறந்துவிட்டு, மணலின் எந்த இடம் எத்தனை முறை மிதிபட்டது என்று பார்ப்பது இன்னொரு விதம். மாண்டல்பிராட் கணம் என்னும் ஃபிராக்டலை, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் நுணுக்கம் தீராத வடிவத்தை, இரண்டாவது விதத்தில் வரைவதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: எண்கோட்டில் நகரும் புள்ளி]

இதற்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கலப்பெண் பாடமே போதும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கலப்பெண்ணாக இருக்கும் தளத்தில் ஒரு புள்ளியைத் தேர்ந்துகொண்டு, பூச்சியத்தில் தொடங்கி, கையிலிருக்கும் எண்ணை வர்க்கமாக்கி, தேர்ந்த புள்ளியை அதனுடன் கூட்டி, வந்த விடையையே மறுபடி வர்க்கமாக்கிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 0.5ஐ எடுத்தால் 0.5, 0.75, 1.0625, ஏறத்தாழ 1.63, பிறகு 3.15 என்று ஏறுகிறது. மையத்திலிருந்து தொலைவு 2ஐத் தாண்டியபின் அது திரும்பாது. −1ஐ எடுத்தாலோ −1, 0, −1, 0 என்று ஊஞ்சலாடுமே தவிர வெளியேறாது. இப்படி வெளியேறாத புள்ளிகளின் தொகுப்புதான் மாண்டல்பிராட் கணம்.

கணிதவியலாளர் பெனுவா மாண்டல்பிராட் 1980இல் ஐபிஎம் கணினிகளில் ஆராய்ந்த இந்தக் கணத்தின் வழக்கமான படம், வெளியேற எத்தனை அடி ஆயிற்று என்பதற்கு ஒரு நிறம் தருகிறது. அந்த வானவில் வண்ணங்கள் என் கண்ணுக்கு இப்போதெல்லாம் பட்டாசுப் பெட்டி அட்டையாகத்தான் தெரிகின்றன.

[திரையில்: இருளிலிருந்து மெல்லத் துலங்கும் உருவம்]

1993இல் மெலிண்டா கிரீன் அடிகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அடி விழுந்த இடங்களைப் பதிந்தார். தற்செயலாக ஒரு புள்ளியை எடுத்து, அது வெளியேறுகிறதா என்று முதலில் சோதிக்கிறோம். வெளியேறினால் மட்டும் அதே வழியை மீண்டும் நடந்து, வழியில் படும் ஒவ்வொரு பிக்சலின் கணக்கிலும் ஒன்றைக் கூட்டுகிறோம். படம் மெய் அச்சுக்கு, அதாவது சாதாரண எண்கள் அமையும் கிடைக்கோட்டுக்கு, இருபுறமும் சமச்சீரானது என்பதால், 90 பாகை திருப்பினால் இடமும் வலமும் ஒத்து, பெரிய இதயவடிவம் உடலாகவும் அதன்மேல் உள்ள வட்டம் தலையாகவும் அமர்ந்த புத்தரைப் போலத் தோன்றுகிறது. புத்தாபிராட் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இதற்குப் பொறுமை வேண்டும். மே மாத இரவில், திருவல்லிக்கேணி மாடி அறையில், மடிக்கணினியின் விசிறி மின்விசிறியோடு போட்டி போட, 10 லட்சம் புள்ளிகளை ஓடவிட்டபோது கோலமாவை வாரி இறைத்தது போன்ற ஒரு புழுதிதான் கிடைத்தது. 50 கோடியைத் தாண்டியபிறகே அது புகையாகக் குழைந்தது. வெளியேறுகிறதா என்று எத்தனை அடிவரை பார்ப்பது என்ற வரம்பை 50, 500, 5000 என மூன்றாக வைத்து, அவற்றை நீலம், பச்சை, சிவப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், விண்மீன் மேகத்தின் தொலைநோக்கிப் படம் போன்ற வண்ணம் கிடைக்கும்.

[திரையில்: புள்ளிக் கோலம், அதன் குறுக்கே செல்லும் பாதைகள்]

இன்னொரு வழி, பாதையில் பொறி வைப்பது. ஒரு கோட்டையோ வட்டத்தையோ தளத்தில் வைத்து, பயணம் அதற்கு எவ்வளவு அருகில் வந்தது என்பதற்கு நிறம் கொடுக்கிறோம்; கிளிஃபோர்ட் பிக்கோவர் இரண்டு அச்சுகளையே பொறியாக்கியதில் தண்டுகள் போன்ற வடிவங்கள் முளைத்தன. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் சகாக்களும் 1974இலேயே கோலங்களுக்குக் கணினி இலக்கணம் எழுதிய ஊர் இது என்பதால், நான் ஒரு சிக்குக் கோலத்தைப் பொறியாக்கிப் பார்த்தேன்: கணத்தின் ஓரமெங்கும் அதே கோலம் சுருங்கியும் வளைந்தும் திரும்பத் திரும்ப வந்தது.

படத்தைத் தாளில் அச்சிடும்போதுதான் சறுக்கினேன். சில பிக்சல்களில் பல்லாயிரம் மிதிகளும் பலவற்றில் இரண்டு மூன்றும் இருப்பதால், திரைக்கு வர்க்கமூலம் எடுத்து ஒளியைச் சமன் செய்திருந்தேன். தாளிலோ புகை முழுவதும் கரியாகி, புத்தரின் முகம் மட்டும் மிஞ்சியது. இப்போது அச்சுக்கென்று வர்க்கமூலத்துக்கும் ஒரு வர்க்கமூலம் எடுத்துத் தனிக் கோப்பு வைத்துக்கொள்கிறேன்.