மலிவு யாருக்கு? மருத்துவப் பொருளாதார ஆய்வை வாசிப்பது எப்படி

[திரையில்: விடியும் முன், தலையில் விளக்குடன் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஒருவர்]

குலசேகரம் பக்கம் பால் வெட்டுகிறவர் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போகிற நாளில் வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. மாத்திரை இலவசம்தான். பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு வருகிறவரின் ஒரு நாள் வேலை?

'இந்தச் சிகிச்சை செலவுக்கேற்ற பலன் தருகிறது' என்று ஒரு கட்டுரை சொன்னால், நான் முதலில் தேடுவது யார் பையிலிருந்து போகும் பணத்தை எண்ணினார்கள் என்பதைத்தான். அரசின் செலவை மட்டும் எண்ணினால், மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லும் சிகிச்சைகூட மலிவாகத் தெரியும். கூலி இழப்பையும் சேர்த்தால் முடிவு புரண்டுவிடலாம். அரசுக் கணக்கு மட்டும் போடுவது குற்றமில்லை. அதைச் சொல்லாமல் விடுவதுதான் வினை.

[திரையில்: கரும்பலகையில் கணக்கு]

அப்புறம், எதோடு ஒப்பிட்டார்கள்? ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். பழைய சிகிச்சைக்கு 10,000 ரூபாய், பலன் 4 க்வாலி. முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஓராண்டுதான் 1 க்வாலி. நோயோடு வாழும் ஆண்டுக்கு மதிப்பு குறையும். புதியதற்கு 60,000 ரூபாய், பலன் 4.5. 60,000-ஐ 4.5-ஆல் வகுத்தால் ஒரு க்வாலிக்குச் சுமார் 13,333 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த 4 பழையதிலேயே கிடைத்தது! கூடுதல் செலவு 50,000, கூடுதல் பலன் அரை. ஆக, ஒரு க்வாலிக்கு 1 லட்சம். பார்க்க வேண்டிய எண் இதுதான். ஒப்பீட்டுக்கு 'எதுவும் செய்யாமல் இருப்பதை' எடுத்துக்கொண்ட கட்டுரை என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். இங்கே ஏற்கெனவே கொடுத்துவரும் மருந்து எங்கே போயிற்று?

[திரையில்: ஏறி இறங்கும் கோடுகள்]

ஊகங்களையும் ஆட்டிப் பார்த்தார்களா? மருந்து விலை, பலன் நீடிக்கும் காலம், எதிர்காலச் செலவையும் பலனையும் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் விகிதம் எல்லாவற்றையும் கூட்டிக் குறைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றை லேசாக மாற்றியதும் முடிவு கவிழ்ந்தால், அதை நம்பி மருந்து வாங்க முடியாது. கட்டுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு 28 அம்சங்கள் கொண்ட சியர்ஸ் 2022 பட்டியல் இருக்கிறது. கையில் வைத்துக்கொண்டு டிக் அடிக்கலாம். ஆனால் அத்தனையையும் எழுதிவிட்டதாலேயே ஆய்வு நல்ல ஆய்வு ஆகிவிடாது.

[திரையில்: பவுண்டு, ரூபாய்]

கடைசியாக, ஊர். எந்தச் சிகிச்சைக்கு அரசு பணம் செலவிடலாம் என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு பல ஆண்டுகள் ஒரு க்வாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்ற வரம்பை வைத்துப் பார்த்தது. அந்த வரம்பை வைத்து அங்கே எடுத்த முடிவை ரூபாய்க்கு மாற்றி நாகர்கோவிலில் இறக்கினால் சரிவராது. சம்பளம் வேறு, மருந்து விலை வேறு, நோயாளி கைக்காசு போடும் அளவும் வேறு. இந்திய விலையை வைத்து மறுபடி கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று கட்டுரையின் செலவு அட்டவணையைத் திறந்து பாருங்கள்.