அந்த 70-க்குள்ள யாரெல்லாம் இருக்காங்க?

எல்லாருக்கும் வணக்கம். பொண்ண பியூட்டி ஸ்கூல்ல சேர்க்கலாம்னு நினைக்கற பெத்தவங்க, வேலைக்குப் போய்க்கிட்டே நாமளே சேரலாமான்னு யோசிக்கற அக்காங்கன்னு நிறைய பேர் வந்திருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கே வர்றேன். நோட்டீஸ்ல 70% பாஸ்னு போட்டிருந்தா முதல்ல கேளுங்க, எத்தனை பேர்ல 70?

அமெரிக்காவ எடுத்துக்கோங்க. அங்க பியூட்டி ஸ்கூலுங்களுக்கு அங்கீகாரம் குடுக்கற நாகாஸ்னு (NACCAS) ஒரு அமைப்பு இருக்கு, அவங்க கேக்கற குறைந்தபட்ச அளவு என்னன்னா படிப்ப முடிச்சவங்க 50%, தொழில் பண்றதுக்கான லைசென்ஸ் பரீட்சைல பாஸானவங்க 70%, வேலைக்குப் போனவங்க 60%. கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா அந்த 70 பரீட்சை எழுதினவங்கள வெச்சு போடற கணக்கு, சேர்ந்தவங்கள வெச்சு இல்ல. 100 பேர் சேர்றாங்கன்னு வெச்சுக்கோங்க, 50 பேர் முடிக்கறாங்க, அதுல 40 பேர் பரீட்சை எழுதறாங்க, 28 பேர் பாஸ். அவ்வளவுதான், 70% வந்துடுச்சு. மீதி 72 பேர் எங்கங்க?

இன்னொண்ணு, இதுதான் எனக்கு ரொம்ப மனசு உறுத்தற விஷயம். அங்க அரசாங்கம் வெளியிடற கிராஜுவேஷன் ரேட் இருக்கே, அதுல முக்கியமா பாக்கற கணக்குல, ஸ்கூல் முடிச்சு முதல் தடவையா மேல படிக்க வந்து அதுவும் முழுநேரமா சேர்ந்தவங்கள மட்டும்தான் எண்ணுவாங்க, கோர்ஸ் காலத்துல ஒன்றரை மடங்கு டைம் குடுப்பாங்க, அதாவது 12 மாச கோர்ஸ்னா 18 மாசம். சரி, ஆனா இந்த கிளாஸ்ல யார் உக்காந்திருக்கா? பெரும்பாலும் பெண்கள், அதுல குழந்தை பெத்தவங்க இருப்பாங்க, பகல்ல வேற வேலை பாத்துட்டு சாயங்காலம் வர்றவங்க இருப்பாங்க, முன்னாடி வேற ஏதோ படிச்சு பாதில விட்டவங்க இருப்பாங்க. பகுதிநேரமா வர்ற அம்மா முடிச்சாலும் அந்த ரேட்ல இல்ல, நின்னுட்டாலும் இல்ல!

இந்தப் படிப்புல சிலபஸ் முடிஞ்சா போதாது, இத்தனை மணிநேரம் பயிற்சின்னு இருக்கறதும் முடியணும். கலிஃபோர்னியால 1600 மணிநேரம்னு இருந்தத 2022-ல 1000 ஆக்கினாங்க. வாரத்துக்கு 20 மணிநேரம் வர்றவங்களுக்கு முன்னாடி 80 வாரம், இப்ப 50. அந்த 30 வாரம் சும்மா இல்லங்க, அதுக்குள்ள குழந்தைக்குக் காய்ச்சல் வரும், ஷிஃப்ட் மாறும், பாத்துக்க ஆள் இருக்காது, ஒரு தடவ விட்டுட்டா திரும்ப வர்றது எவ்வளவு கஷ்டம்னு விட்டவங்களுக்குத்தான் தெரியும்.

படிச்சு முடிச்சவங்க இவ்வளவு சம்பாதிக்கறாங்கன்னு காட்டற சம்பளக் கணக்கையும் அப்படியே நம்பிடாதீங்க, கணக்குல காட்டாத டிப்ஸ் அதுல வராது, சலூன்ல நாற்காலிய வாடகைக்கு எடுத்துத் தொழில் பண்றவங்க வருமானத்துலயும் வாடகை, சாமான் செலவு போக கைல என்ன நிக்குதுன்னு பாக்கணும்.

அட்மிஷனுக்குப் போறப்ப இத மட்டும் கேளுங்க: ரெண்டு வருஷம் முன்னாடி சாயங்கால பேட்ச்ல எத்தனை பேர் சேர்ந்தாங்க, அதுல இன்னைக்கு லைசென்ஸ் கைல வெச்சிருக்கறவங்க எத்தனை பேர்? பதில் வர்ற வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க.