சந்தகையை ஏன் சூட்டோட பிழியணும்? கொங்கு நாட்டுச் சந்தகைக் கடையோட சமையல்கட்டு

[காட்சி: விடியாத நேரம். கடையின் பின்கட்டு. இட்லிக் கொப்பரையில் ஆவி.]

கோயம்புத்தூர், பொள்ளாச்சி, ஈரோடு, கோபிப் பக்கமெல்லாம் அப்பா, மகன், பேரன்னு தொடர்ந்து சந்தகை போடற குடும்பக் கடைங்க இருக்குதுங்க. ஊட்டிக்கும் வால்பாறைக்கும் போற வெளியூர்க்காரங்க இதை இடியாப்பம்னு நினைச்சே சாப்பிட்டுட்டுப் போயிடறாங்க. இடியாப்பத்துக்கு மாவைப் பிசைஞ்சு, பிழிஞ்சு, அப்புறமா வேக வைப்பாங்க. சந்தகைக்கு முதல்ல வேக வைக்கணும். வெந்ததைத்தான் பிழியணும். அரிசி வாங்கறதுல இருந்து ஆளு எங்க நிக்கணும்ங்கறது வரைக்கும் இந்தக் கடையில எல்லாமே அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

[காட்சி: ஊறின அரிசி, கிரைண்டர்.]

அரிசி, இட்லிக்குப் போடற புழுங்கல் அரிசி. கொஞ்சம் பழசா இருந்தா நல்லது. புது அரிசியும் பச்சரிசியும் வெந்ததும் குழைஞ்சு, இழை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நாலஞ்சு மணி நேரம் ஊறணும். கடையில ராத்திரியே ஊறப் போட்டுட்டு, அரைக்கறதுக்கு முன்னால அந்தத் தண்ணியைக் கொட்டி மறுபடி கழுவிடுவாங்க. உளுந்து கிடையாது, வெந்தயம் கிடையாது.

ஒரு கிலோ அரிசிக்கு அரைக்கறப்ப ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி பிடிக்கும். மொத்தமா ஊத்திடாம, அரிசி எவ்வளவு குடிக்குதுன்னு பாத்துப் பாத்து விடுங்க. உப்பு மூணு டீஸ்பூன். புவிசார் குறியீடு வாங்கின நம்ம கோயம்புத்தூர் கிரைண்டர்ல அரை மணி நேரமாவது ஓடணும். ரெண்டு விரலுக்கு நடுவுல மாவைத் தேய்ச்சா நறநறன்னு எதுவும் தட்டுப்படக் கூடாது. ஒரு குருணை போய், சந்தகை பிழியற அச்சோட கண்ணுல, அதாவது ஓட்டையில, உக்காந்தா, அந்தக் கண்ணுல வர்ற இழை பூரா கிழிஞ்சுதான் வரும்.

அரைச்ச மாவைப் புளிக்க விடாதீங்க. இட்லி மாவு பொங்கறது உள்ள காத்து சேர்றதாலதான். அதே காத்து சந்தகைக்கு ஆகாது. வெந்த மாவுல சின்னச் சின்ன ஓட்டை விழுந்து, பிழியறப்ப இழை அங்கங்க அறுந்து போகும். சித்திரை வெயில்ல கிரைண்டர் சூட்டுலயே மாவு மாற ஆரம்பிச்சிரும். அதனால பானைத் தண்ணி விட்டு அரைச்சு, வழிச்ச கையோட தட்டுல ஊத்திடறாங்க.

[காட்சி: இட்லித் தட்டு. மூடியைத் திறக்கும் கை.]

வேகறதுக்குப் பன்னண்டுல இருந்து பதினஞ்சு நிமிஷம். விரலை நனைச்சுத் தொட்டா மாவு ஒட்டக் கூடாது. நடுவுல பிட்டுப் பாத்தா வெள்ளையா பச்சை மாவு தெரியக் கூடாது. அரைவேக்காடா எடுத்தா இழை பிசுபிசுக்கும், வாயில மாவு வாடை நிக்கும்.

[காட்சி: மூன்று கால் அச்சு. மேலே திருகுப்பிடி. சுற்றும் கை, அடியில் தட்டு.]

இனிதான் முக்கியமான வேலைங்க. அரிசியில இருக்கற மாவுச்சத்து வேகறப்ப தண்ணியை இழுத்து உப்பி, நெகிழ்ந்து கொடுக்கும். ஆற ஆற அது மறுபடி இறுகிடும். சூட்டோட இருக்கறப்ப திருகுப்பிடி லேசா சுத்தும், இழை நூலாட்டம் அறாம இறங்கும். ஆறிட்டா ஆளு தொங்கினாலும் பிடி நகராது. மீறிச் சுத்தினா கால் ஆடும், திருகு மரை தேயும்.

அதனாலதான் அச்சு அடுப்புக்குப் பக்கத்துலயே நிக்குது, ரெண்டு எட்டு தூரத்துல. ஒருத்தர் சுத்துவாரு, இன்னொருத்தர் தட்டைச் சுழட்டிச் சுழட்டிப் பிடிப்பாரு. அச்சுக்குள்ள மூணு நாலு இட்லிதான் போடுவாங்க. மத்ததெல்லாம் கொப்பரையில மூடியோட, சிறு தீயில காத்திருக்கும். ஒரே தடவையா எல்லாத்தையும் வெளியில எடுத்து வெச்சுட்டுப் பிழியறதுதான் வீட்டுல நிறையப் பேர் பண்ற தப்பு. கடைசித் தட்டுக்கு வர்றப்ப கையும் வலிக்கும், சந்தகையும் துண்டு துண்டாத்தான் விழும்.

என்ன பண்ணியும் இழை அறுந்தா, மாவு கெட்டி. அடுத்த ஈட்டுக்கு ஒரு கரண்டி தண்ணி சேருங்க. ஒட்டிக்கிட்டா, தண்ணி கூடிப் போச்சு. ரெண்டு ஸ்பூன் அரிசி மாவு கலந்து ஊத்துங்க. அச்சு உள்பக்கம் நல்லெண்ணெய் தடவறதை மட்டும் எந்த ஈட்டுலயும் விட்டுறாதீங்க.

[காட்சி: தேங்காய்ப் பால், வெல்லம், தாளிப்பு.]

ஒரம்பரை, அதாவது விருந்தாளிங்க, வந்தா இந்தப் பக்கத்து வீடுகள்ல சந்தகையும் தேங்காய்ப் பாலும்தான். நாலு பேருக்கு ஒரு முத்தின தேங்காய், இருநூறு கிராம் வெல்லம், நாலு ஏலக்காய். வெல்லத்தைத் தனியாக் கரைச்சுக் கொதிக்க வெச்சு, வடிகட்டி, ஆற விட்டுத்தான் பால்ல சேர்க்கணும். பாலைக் கொதிக்க விட்டா திரிஞ்சு போகும். அவசரத்துக்குத் தேங்காய்த் துருவலும் நாட்டுச்சர்க்கரையும் போதும். எங்களைக் கேட்டா அதுவே ஒரு படி மேல.

எலுமிச்சை, தக்காளி, புளின்னு தாளிக்கறதுக்கு நேர் மாறா, சந்தகை நல்லா ஆறி இருக்கணும். சூடா இருக்கறதைக் கிளறினா களி ஆயிரும். எலுமிச்சைச் சாறை அடுப்பை அணைச்ச பிறகுதான் விடணும், இல்லைன்னா கசப்புத் தட்டும். காரம் வேணுங்கறவங்களுக்குக் குருமா இருக்கு, நாட்டுக்கோழிக் குழம்பு இருக்கு.

வெளியூர்ல இருந்து வர்றவங்க காலையில, அச்சு ஓடிக்கிட்டு இருக்கற நேரத்துல வாங்க. தேங்காய்ப் பாலுக்கு அப்பப் பிழிஞ்சதுதான் சரி. பத்து மணிக்கு மேல வந்தா தாளிச்சதைக் கேளுங்க, ஆறினதுக்கு அதுதான் பொருத்தம்.

பார்சல் வாங்கினா பாலைத் தனியாக் கட்டச் சொல்லுங்க. ஒண்ணாக் கட்டினா வீடு போய்ச் சேர்றதுக்குள்ள இழை ஊறிக் கரைஞ்சிரும். ஃப்ரிட்ஜ்ல வெச்சு விறைச்சுப் போனதுக்குத் தண்ணி தெளிச்சு மூணு நிமிஷம் ஆவி காட்டினா மறுபடி நெகிழ்ந்துக்கும்.

[காட்சி: பக்கெட் தண்ணீரில் அச்சுத் தட்டு.]

கடைசி ஈடு இறங்கினதும் அச்சைக் கழட்டித் தண்ணியில போட்டுருங்க. காஞ்ச மாவு கல்லா இறுகி, கண்ணை அடைச்சுக்கும். அரை மணி நேரம் ஊறினா பிரஷ்ல தேய்ச்சாலே வந்துரும். அப்பவும் அடைச்சிருக்கற கண்ணை ஈர்க்குச்சியால பின்பக்கமா இருந்து தள்ளுங்க. கம்பி, ஆணி வேண்டாம், கண்ணோட விளிம்பு சிராய்ஞ்சு போனா அடுத்த நாள் இழை சொரசொரப்பா வரும்.