7,000 ரூபாயும் ஒன்றரை லட்சமும்: உப்புவெளித் தங்கையின் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தங்கை அனுப்பியது. வாசிக்கிறேன்: "அண்ணா, போன மாதம் 7,000 ரூபாய் இயர்போனைக் காட்டி நன்றாக இருக்கிறது என்றீர்கள். அடுத்த கிழமையே ஒன்றரை லட்சம் ரூபாய் ஹெட்போனைக் காட்டி அதுவும் நன்றாக இருக்கிறது என்றீர்கள். எதை வைத்துப் பொருளைத் தெரிவுசெய்கிறீர்கள், எதை வைத்து மதிப்பிடுகிறீர்கள்? விலை வித்தியாசம் உண்மையிலேயே காதுக்குத் தெரிகிறதா?"

கேள்விக்குள் ஒரு குத்தல் இருக்கிறது. பரவாயில்லை, வாங்கிக்கொள்கிறேன்.

தெரிவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. திருகோணமலையில் ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டுப் பார்த்து வாங்க ஒரு கடை இதுவரை எனக்கு வாய்க்கவில்லை. நண்பர்களிடம் இரவல் வாங்குவேன், இல்லையென்றால் இரவு ரயிலில் கொழும்புக்குப் போவேன். அதுவும் சரிவராவிட்டால் சொந்தக் காசில் வாங்கி, ஒரு மாதம் கேட்டுவிட்டு, நட்டத்துக்கு விற்பேன். ஆகவே பாதித் தெரிவு கைக்கு எட்டியதுதான். மீதிப் பாதியில் நான் முதலில் பார்ப்பது ஒலியை அல்ல, கம்பியை. கம்பியைக் கழற்றி மாற்றலாமா? காதுப் பஞ்சு தனியாக வாங்கலாமா? நம்முடைய உப்புக் காற்றில் செம்புக் கம்பி பச்சையாகிறது, செருகும் முனை கறுக்கிறது, பஞ்சின் மேல்தோல் உரிந்து கன்னத்தில் ஒட்டுகிறது. சென்ஹைசர் எச்டி 600 என்பது 1997-இல் வந்த ஹெட்போன். கம்பி, பஞ்சு, உள்ளே இருக்கும் ஒலிப்பான் எல்லாவற்றையும் தனித்தனியாக மாற்றலாம் என்பதால் பழையதொன்று கைக்கு வந்தாலும் நான் தயங்குவதில்லை.

இனி மதிப்பீடு. இங்கே என் மானம் போன கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நண்பர் ஒருவர் விலை கூடிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். என் மேசையில் இருந்ததோ ஹெட்போன் கம்பியைப் போனோடு இணைக்கச் செருகும் சுண்டுவிரல் நீள மாற்றி. ஒரே ஹெட்போனை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டேன். பெரியதில் பாடகர் ஒரு அடி முன்னால் வந்து நின்றார், மிருதங்கத்துக்கு வயிறு வந்தது. இரண்டு பக்கம் குறிப்பெழுதிவிட்டேன். பிறகு ஒரு சந்தேகம் வந்து மல்டிமீட்டரை எடுத்தேன். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு இரண்டின் மின்னழுத்தத்தையும் அளந்தேன். (மலிவான மீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்ணில் பிழையாகக் காட்டும், அதனால்தான் 100.) மாற்றியில் 0.30 வோல்ட், பெரியதில் 0.34. சத்தத்தின் அளவான டெசிபெலில் கணக்குப் போட்டால், பெரியது ஒரு டெசிபெலுக்குச் சற்று மேல் கூட. அவ்வளவு சிறிய வித்தியாசம் "சத்தம் கூட" என்று காதுக்குப் படாது, "தரம் கூட" என்றுதான் படும். சத்தம் குறைந்தால் தாழ்ந்த ஒலிகள்தான் காதுக்கு முதலில் மங்கும் என்று 1933-இலேயே பிளெச்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். மிருதங்கத்துக்கு வயிறு எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறதா?

இரண்டையும் 0.30-க்குச் சமப்படுத்தினேன். அக்காவின் மகனைக் கூப்பிட்டு, என் முதுகுக்குப் பின்னால் நின்று இஷ்டப்படி மாற்றிச் செருகச் சொன்னேன். எது ஓடுகிறது என்று பதினாறு முறை ஊகித்தேன். ஒன்பது சரி, ஏழு பிழை. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும். மருமகன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஒலி ஆய்வாளர்கள் பிளாய்ட் டூலும் ஷான் ஓலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே ஒலிபெருக்கிகளை முதலில் கண்ணுக்குத் தெரியவும், பிறகு திரைக்குப் பின்னால் மறைத்தும் கேட்கவைத்தார்கள். கண்ணை மறைத்ததும் மதிப்பெண்கள் மாறிவிட்டன. மருமகன் சிரித்த அந்த நாளிலிருந்து சத்தத்தைச் சமப்படுத்தாமல் நான் எதையும் ஒப்பிடுவதில்லை. விலையை மறைக்க என்னால் முடியாது, காசு கொடுத்தவனே நான். சத்தத்தையாவது சமப்படுத்தலாம்.

ஆனால் ஆம்ப்ளிஃபையரில் தெரியாத வித்தியாசம் ஹெட்போனில், இயர்போனில் தெரியும், நன்றாகவே தெரியும். அதற்கு நான் வைத்திருக்கும் உரைகல் நாதஸ்வரமும் தவிலும். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் பத்தடி தூரத்தில் நின்று கேட்டுக் கேட்டு, அந்த ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். தவிலின் வலந்தலையில், அதாவது வலக்கைப் பக்கத்தில், விரலில் மாட்டிய கூடு விழும்போது காய்ந்த விறகு முறிவதுபோல ஒரு வெடிப்பு வரும், உடனே நின்றுவிடும். தொப்பி எனும் இடக்கைப் பக்கத்தில் கழி விழுந்தால் ஒலி வயிற்றில் இறங்கும். மோசமான இயர்போனில் வெடிப்புக்கு ஒரு வால் முளைக்கும், தொப்பி போர்வைக்குள் அடித்ததுபோலக் கேட்கும். நாதஸ்வரம் மேலே ஏறும்போது கண்ணை இடுக்கத் தோன்றினால் அந்தப் பொருளில் மேல்நடு ஒலி (நடுத்தர ஒலிகளின் மேல்பகுதி) மிஞ்சிக் கிடக்கிறது என்று எழுதிக்கொள்வேன். அந்த 7,000 ரூபாய் இயர்போன் இதில் ஆச்சரியமாகத் தேறியது. வால் மட்டும் கொஞ்சம் இருந்தது.

ஒன்றரை லட்சத்தில் அந்த வால் இல்லை. தலையில் மூன்று மணி நேரம் இருந்தாலும் கனக்கவில்லை. ஆனால் அது திறந்த முதுகு ஹெட்போன், வெளிச் சத்தம் முழுவதையும் உள்ளே விடும். வெக்கையான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் என் அறையில் மின்விசிறி மூன்றில் சுற்றும். விசிறியின் இரைச்சலில் மென்மையான ஆலாபனை முழுவதும் கரைந்துபோனது. விசிறியை நிறுத்தினால் இசை கேட்கிறது, வியர்வை பஞ்சில் ஊறுகிறது. காதை அடைத்துக்கொள்ளும் 7,000 ரூபாய் இயர்போனில் அதே ஆலாபனை விசிறிக்குக் கீழேயே தெளிவாகக் கேட்டது. கொழும்பில் குளிரூட்டிய கடையில் இருந்து கேட்டிருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

ஆகவே தங்கை, வித்தியாசம் தெரிகிறது. ஆனால் முதல் 7,000 தருகிற அளவுக்கு மீதிக் காசு தருவதில்லை, அதுவும் அமைதியான அறை இருந்தால்தான். உங்கள் வீடு கடற்கரையோரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இயர்போனையே வாங்குங்கள். பெட்டியில் வரும் ரப்பர் முனைகள் மூன்று அளவையும் போட்டுப் பாருங்கள், முனை தளர்ந்தால் தொப்பிச் சத்தம் காணாமல்போகும். கேட்டு முடிந்ததும் துடைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள்.

சரி, அடுத்தது சாம்பல்தீவிலிருந்து ஒரு ஐயா புளூடூத் பற்றிக் கேட்டிருக்கிறார்.