விளம்பரத்தைத் தடுத்தா பணம் கட்டுற பக்கம் ஏன் நிக்குது?

அடுத்த கேள்வி பள்ளத்தூர்ல இருந்து. சீப்புச் சீடை, மனகோலம் எல்லாம் செஞ்சு வெளியூருக்கு அனுப்புற ஒரு ஆச்சி கேட்டிருக்காங்க: "குரோம்ல இருந்த விளம்பரத் தடுப்பான் தானா அணைஞ்சுபோச்சு. பேரன் ஃபயர்ஃபாக்ஸ்ல யூபிளாக் ஆரிஜின் போட்டு, ஏதோ செட்டிங்கும் மாத்திட்டுப் போனான். விளம்பரம் சுத்தமா இல்ல. ஆனா கூரியருக்குப் பணம் கட்டப் போனா பக்கம் வெள்ளையா நிக்குது. என்ன செய்ய?"

குரோம் கதை சீக்கிரம் முடிஞ்சிடும் ஆச்சி. விளம்பரத் தடுப்பான் மாதிரி பிரவுசர்ல கூடுதலா சேர்க்கிற சின்ன நிரலுக்குத்தான் எக்ஸ்டென்ஷன்னு பேரு. அதுல பழைய வகையை குரோம் 2025-ல மொத்தமா நிறுத்திடுச்சு. முன்னெல்லாம் பக்கம் கேக்குற ஒவ்வொரு ஃபைலையும் எக்ஸ்டென்ஷனே பார்த்து விடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணும். இப்ப விதிகளை முன்கூட்டியே குரோம்கிட்ட கொடுத்துடணும், தடுக்கிறது குரோம்தான். அதுக்குத் தகுந்த மாதிரி வந்ததுதான் யூபிளாக் ஆரிஜின் லைட். சாதாரண உபயோகத்துக்கு அது போதும். ஃபயர்ஃபாக்ஸ்ல முழு யூபிளாக் ஆரிஜினே ஓடுது, அதனால பேரன் செஞ்சது சரிதான். ஒன்னு மட்டும் பாத்துக்கங்க: பேர்ல 'ஆரிஜின்' இருக்கணும், உருவாக்கினவர் ரேமண்ட் ஹில்னு இருக்கணும். யூபிளாக்னு மட்டும் பேர் வச்சிருக்கிறது வேற.

இப்ப வெள்ளைப் பக்கம். பேரன் யூபிளாக் செட்டிங்ல 'அட்வான்ஸ்டு யூசர்'னு டிக் பண்ணி, வெளி ஸ்கிரிப்டையும் (வேற இடத்துல இருந்து வந்து பக்கத்துல ஓடுற நிரல்) வெளி ஃபிரேமையும் (பக்கத்துக்குள்ள வேற சைட்டைக் காட்டுற பெட்டி) எல்லா சைட்டுக்கும் சிவப்பாக்கியிருப்பாரு, அதாவது தடுத்திருப்பாரு. நீங்க சொல்ற அறிகுறிக்கு அதுதான் பொருந்துது. ஒரு சைட்டைத் திறந்தா அந்த சைட் மட்டும் வர்றதில்ல. விசேஷத்துக்கு ஒருத்தரை அழைச்சா, முன்பின் தெரியாத இருபது பேர் கூடவே வந்து வளவுல உக்கார்ற மாதிரி, விளம்பரக் கம்பெனி, கண்காணிக்கிற கம்பெனின்னு எல்லாரோட ஸ்கிரிப்டும் வரும். பி.டி.எஃப் மாத்துற சைட்ல பச்சையா நாலு டவுன்லோட் பட்டன் தெரியுமே, அதுல மூணு இந்தக் கூட்டம் கொண்டு வந்ததுதான். சிவப்பு போட்டா எல்லாரும் வெளியே. சிக்கல் என்னன்னா, பணம் வாங்குற பேமெண்ட் கேட்வேயும் வெளி ஆள்தான். கார்டு நம்பர் கேக்குற பெட்டி பெரும்பாலும் வேற சைட்ல இருந்து வர்ற ஃபிரேம். 'நான் ரோபோ இல்ல'ன்னு டிக் கேக்குதே, அதுவும் கூகுள்ல இருந்து வருது.

சரி பண்றது இப்படி. கூரியர் சைட்டைத் திறந்து, மேல யூபிளாக் ஐகானை அழுத்துங்க. கட்டம் கட்டமா ஒரு பட்டியல் தெரியும். தெரியலன்னா கீழே 'மோர்' அழுத்தணும். ஒவ்வொரு வரிசைலயும் ரெண்டு கட்டம். முதல் கட்டம் எல்லா சைட்டுக்கும், ரெண்டாவது இந்த சைட்டுக்கு மட்டும். வெளி ஸ்கிரிப்ட், வெளி ஃபிரேம் ரெண்டு வரிசைலயும் ரெண்டாவது கட்டத்தைச் சாம்பல் நிறமாக்குங்க. பச்சை வேண்டாம். பச்சை போட்டா விளம்பரமும் உள்ள வந்துடும். சாம்பல்னா, இந்தச் சிவப்பு விதி மட்டும் விலகும், வழக்கமான விளம்பரப் பட்டியல் தடுத்துக்கிட்டேதான் இருக்கும். அப்புறம் பூட்டு ஐகானை அழுத்தினாத்தான் நிலைச்சு நிக்கும், இல்லன்னா பிரவுசரை மூடித் திறந்ததும் மறந்துடும். கடைசியா ரீலோட்.

இதெல்லாம் பணம் கட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே செஞ்சுடணும். ஓ.டி.பி போட்ட பிறகு பக்கம் நின்னுச்சுன்னா ரீலோட் பண்ணாதீங்க. பேங்க்ல இருந்து பணம் எடுத்த மெசேஜ் வந்திருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லன்னா ரெண்டு தடவை கட்டினதா ஆயிடும். இன்னொன்னு, சில சமயம் கூரியர் சைட்ல இருந்து பேங்க் சைட்டுக்கே பக்கம் மாறிப் போகும். முகவரி மாறிட்டா நீங்க போட்ட சாம்பல் அங்க செல்லாது. அந்த பேங்க் சைட்டுக்கும் ஒரு தடவை தனியா போட்டு, பூட்டிடணும்.

இவ்வளவு கட்டத்தைப் பார்த்துத் தலை சுத்துதுன்னா, எல்லா சைட்டுக்கும் போட்ட அந்த ரெண்டு சிவப்பையும் எடுத்துட்டு, பூட்டை அழுத்திடுங்க. என்னைக் கேட்டா வியாபாரம் பண்றவங்களுக்கு அதுதான் தோது. விளம்பரத்துல பெரும்பகுதி அப்பவும் வராது. இதோட கூட வேற விளம்பரத் தடுப்பான் எதையும் போடாதீங்க, ரெண்டும் ஒன்னோட ஒன்னு மோதும்.

போன்ல வருமான்னும் கீழே கேட்டிருக்காங்க. ஆண்ட்ராய்டு குரோம்ல எக்ஸ்டென்ஷன் போட முடியாது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ்ல மெனு, எக்ஸ்டென்ஷன்ஸ்னு போனா யூபிளாக் ஆரிஜின் கிடைக்கும். அது அந்த பிரவுசருக்குள்ள திறக்குற பக்கத்துக்கு மட்டும்தான், மத்த ஆப்ல வர்ற விளம்பரத்தை அது தொடாது.