கிளாஸா, ஆயுதமா? ஆன்லைன் ஆர்பிஜியில் பூட்டு எங்கே இருக்கிறது

வணக்கம். பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கும் என் சித்தி பையன் சமீபத்தில் போனில் ஆல்பியன் ஆன்லைன் இறக்கினான். உடனே என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, இதுல கிளாஸ் எங்க செலக்ட் பண்றது? அந்தப் பக்கமே வரலையே" என்று கேட்டான். வராது. அந்த விளையாட்டில் கிளாஸே, அதாவது தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கும் வீரன், மந்திரவாதி போன்ற வகையே, கிடையாது. வாளை எடுத்தால் வாள்வீரன், ஹோலி ஸ்டாஃப் என்ற மந்திரக்கோலை எடுத்தால் மற்றவர்களைக் குணப்படுத்தும் ஹீலர், அவ்வளவுதான்.

ஆனால் அவன் கேட்டது நல்ல கேள்வி. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பெரும்பாலான பசங்க துப்பாக்கி விளையாட்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். அங்கே தரையில் கிடக்கும் எந்த ஆயுதத்தையும் எடுத்துச் சுடலாம். அதே பழக்கத்தோடு ஆர்பிஜிக்கு, அதாவது ஒரு கேரக்டரை வளர்த்து ஆடும் விளையாட்டுக்கு, வந்தால், கஷ்டப்பட்டு ஒரு பெரிய அரக்கனைச் சாய்த்து, அருமையான கோடரி கிடைத்து, கடைசியில் "உங்கள் கிளாஸ் இதைப் பயன்படுத்த முடியாது" என்று சிவப்பு எழுத்தில் வரும். வெறுத்துப்போய் அன்றோடு விட்டவர்கள் உண்டு.

ஒவ்வொரு விளையாட்டும் எங்கேயோ ஒரு பூட்டுப் போட்டிருக்கும். சிலது கிளாஸில், சிலது ஆயுதத்தில், சிலது புள்ளிகளில். கேரக்டருக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால், பூட்டு எங்கே, அதைத் திறக்க என்ன செலவு என்று பார்த்துவிடுங்கள். அதைத்தான் இன்று விளக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: 1974]

இந்தப் பூட்டின் வரலாறு ஆன்லைன் ஆர்பிஜிக்கு முந்தையது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 1974-ல் வெளியிட்ட, மேசையில் உட்கார்ந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மூன்றே கிளாஸ்கள்: போர்வீரன், மந்திரவாதி, மதகுரு. மந்திரவாதி குத்துவாளைத் தவிர வேறு ஆயுதம் எடுக்க முடியாது. மதகுரு வெட்டும் முனை உள்ள எதையும் தொடக்கூடாது. தண்டம், சுத்தியல் போன்றவைதான். போர்வீரனுக்கு மந்திரம் வராது, பதிலுக்கு எல்லா ஆயுதமும் அவனுக்குத் திறந்திருந்தது. அதாவது ஆயுதத் தடை என்பது சக்திக்குக் கொடுக்கும் விலை. அந்தக் கணக்கு இன்றுவரை மாறவில்லை.

[திரையில்: அல்டிமா ஆன்லைன், 1997]

அல்டிமா ஆன்லைன் கிளாஸையே தூக்கிப் போட்டது. வாள் வீசினால் வாள்வீச்சு வளரும், மீன் பிடித்தால் மீன்பிடிப்பு வளரும். ஒவ்வொரு திறனும் 100 வரை போகும், ஆனால் மொத்தம் 700-ஐத் தாண்ட முடியாது. ஏழு திறன்களை உச்சத்துக்குக் கொண்டுபோன பிறகு எட்டாவதைக் கற்க வேண்டுமென்றால் பழையது ஒன்று இறங்கியாக வேண்டும். என்னைக் கேட்டால், இதுவரை வந்த பூட்டுகளிலேயே நேர்மையானது இதுதான். யார் வேண்டுமானாலும் எதுவும் ஆகலாம், எல்லாமும் ஆக முடியாது.

இரண்டே வருடத்தில், 1999-ல், எவர்க்வெஸ்ட் வந்து திரும்பவும் கிளாஸைக் கெட்டியாகப் பூட்டியது. தொடக்கத்திலேயே 14 கிளாஸ்கள். அடி வாங்க ஒருவர், குணப்படுத்த ஒருவர், எதிரிகளைக் கட்டிப்போட ஒருவர் என்று வேலைகள் பிரிந்தன. குணப்படுத்தும் கிளெரிக் ஆன்லைனில் இல்லை என்றால் குழுவே உட்கார்ந்து காத்திருந்தது.

[திரையில்: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், 2004]

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வார்கிராஃப்டில் பூட்டு ஒன்றல்ல. முதலில் ஒன்பது கிளாஸ்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தெந்த ஆயுத வகை என்று ஒரு வரம்பு. அப்போது அந்த வரம்புக்குள்ளும் உடனே எடுத்து வீச முடியாது. நகரங்களில் இருக்கும் ஆயுத ஆசானிடம் காசு கொடுத்துக் கற்க வேண்டும். கற்றாலும் திறன் 1-ல் தொடங்கும். லெவலுக்கு 5 வீதம் உச்சவரம்பு, 60-ஆம் லெவலில் 300. கோடரியில் 300 வைத்திருக்கும் வீரனுக்கு நல்ல வாள் ஒன்று கிடைத்தால், அவன் ஊருக்கு வெளியே போய்ச் சின்னச் சின்ன மிருகங்களை அடித்துப் பழக வேண்டும். வீச்சு தவறிக்கொண்டே இருக்கும்.

பலருக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது. 2010-ல் அந்த முறையையே நீக்கினார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். புது ஆயுதம் கைக்குப் பழக நாளாகும் என்பது நியாயமான எண்ணம். ஆனால் பழக்கம் என்று அவர்கள் வைத்தது, ஒரே பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவது மட்டும்தான்.

மூன்றாவது பூட்டு, டேலன்ட் புள்ளிகள், அதாவது கிளாஸுக்குள்ளே எந்தத் திறனை வளர்ப்பது என்று பிரித்துப் போடும் புள்ளிகள். அவற்றை மாற்றி அமைக்க அப்போது முதல் முறை 1 தங்கம், அப்புறம் 5, 10 என்று ஏறி 50 வரை போனது. டிரூயிட் கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள். அடி வாங்கலாம், குணப்படுத்தலாம், தாக்கலாம். ஆனால் இரவு ஹீலராக ரெய்டு என்ற பெரிய குழுச் சண்டைக்குப் போய்விட்டுப் பகலில் தனியாக அடித்து விளையாட வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் அந்தத் தங்கம் போனது. 2009-ல் இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைக்கும் வசதி வந்தது. அதற்கு விலை ஒரே முறை 1000 தங்கம். கிளாஸைத் தொடாமல் செலவை மட்டும் குறைத்தார்கள். விளையாடும் விதமே மாறிவிட்டது.

[திரையில்: கில்டு வார்ஸ் 2]

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 2012-ல் வந்த கில்டு வார்ஸ் 2-ல் கிளாஸை மாற்றவே முடியாது. ஆனால் திரையின் கீழே இருக்கும் முதல் ஐந்து ஸ்கில்களைத் தீர்மானிப்பது கையில் இருக்கும் ஆயுதம். இரண்டு கையாலும் பிடிக்கும் ஆயுதம் என்றால் ஐந்தும் அதனுடையது. ஒற்றைக்கை ஆயுதம் என்றால் வலது கை மூன்று, இடது கை இரண்டு. வாளும் கேடயமும் ஒன்று, வாளும் கத்தியும் வேறொன்று.

அதே ஆயுதம் கிளாஸுக்கு கிளாஸ் வேறாக நடந்துகொள்ளும். பெரிய வாளை வாரியர் எடுத்தால் எதிரியின் முகத்துக்கு நேரே நின்று சரமாரியாக வெட்டுவார். அதே வாளை மாயவித்தைக்கார மெஸ்மர் எடுத்தால் தூரத்திலிருந்து ஊதா நிற ஒளிக்கதிர் பாயும். எதிரி எட்டி நின்றால்தான் அடி பலமாக விழும். பெரிய வாள் என்றாலே பக்கத்தில் போய் வெட்டுவது என்ற நினைப்பை அங்கேயே உடைத்துவிடுகிறார்கள். ஆயுதம் மாறினால் தாக்குதல் எண் மட்டும் ஏறி இறங்கக் கூடாது, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எப்போது ஓடுகிறீர்கள் என்பதும் மாற வேண்டும். அப்படி மாறினால்தான் அதைத் தேர்வு என்று சொல்வேன்.

சண்டை நடுவிலேயே இரண்டு ஆயுத செட்டுகளுக்கிடையே மாறலாம், மாறியபின் பெரும்பாலும் 10 விநாடி பொறுக்க வேண்டும். எலிமென்டலிஸ்ட், இன்ஜினியர் என்ற இரண்டு கிளாஸ்காரர்களுக்கும் இது கிடையாது. அவர்களுக்கு வேறு ஏற்பாடு. வில்லும் வாளும் சேர்த்து வைத்துக்கொள்வது விளையாட்டுக்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல. தர்மபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களைப் போய்ப் பாருங்கள். நம் பக்கத்து நடுகல் வீரர்கள் பலர் ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாளோ குறுவாளோ பிடித்துத்தான் நிற்கிறார்கள். ஆநிரை மீட்கப் போனவனுக்கு எட்ட நிற்பவனும் எதிரி, கிட்ட வந்தவனும் எதிரி.

2015-ல் வந்த சிறப்புப் பிரிவுகளோடு ஒரு சின்னப் பூட்டும் சேர்ந்தது. நெக்ரோமான்சர் கிளாஸுக்குப் பெரிய வாள் வேண்டுமென்றால் ரீப்பர் பிரிவை எடுத்தே ஆக வேண்டும். 2023-ல் வந்த விரிவாக்கம் அதைத் திறந்துவிட்டது.

[திரையில்: இரண்டு விளையாட்டுகள் பக்கத்தில் பக்கத்தில்]

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனும் ஃபைனல் ஃபேண்டஸி 14-ம் ஒன்றுக்கொன்று நேர் எதிர். எல்டர் ஸ்க்ரோல்ஸில் எந்தக் கிளாஸும் எந்த ஆயுதமும் எடுக்கலாம். மந்திரவாதி இரட்டை வாள் பிடிக்கலாம், வீரன் ரெஸ்டரேஷன் ஸ்டாஃபால் குணப்படுத்தலாம். கிளாஸ் மட்டும் பூட்டியிருந்தது. 2025-ல் அதிலும் கை வைத்தார்கள்: 50-ஆம் லெவலுக்குப் பிறகு உங்கள் கிளாஸின் மூன்று திறன் வரிசைகளில் இரண்டு வரை வேறு கிளாஸுடையதாக மாற்றலாம். கேட்க இனிக்கிறது. ஆனால் இவ்வளவு திறந்துவிட்டால், கடினமான குழுச் சண்டைகளில் எல்லோரும் அதே வலுவான கலவையை நோக்கித்தான் போவார்கள் என்பது என் கவலை.

ஃபைனல் ஃபேண்டஸி 14-ல் ஆயுதத்தை மாற்றினால் ஆளே மாறிவிடுவார். வில்லை எடுத்தால் ஆர்ச்சர், ஈட்டியை எடுத்தால் லான்சர். அங்கே இவற்றை வேலை என்பார்கள், ஒரே கேரக்டரில் எல்லா வேலைகளையும் வளர்க்கலாம். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஆயுத வகை. பாலடினுக்கு ஒற்றைக்கை வாளும் கேடயமும் தவிர வேறு வழியில்லை.

ஓசூரில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது ஃபைனல் ஃபேண்டஸிதான். விளையாட்டில் வேறு வேலை பிடித்தால் கேரக்டரைத் தூக்கிப் போட வேண்டாம், கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். இன்னொரு காரணம் பிங், அதாவது நம் கட்டளை சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரம். இதற்கு இந்தியாவில் சர்வர் இல்லை, ஜப்பானுக்கோ ஐரோப்பாவுக்கோ போய் வர வேண்டும். ஆனால் முக்கியத் தாக்குதல்கள் சுமார் 2.5 விநாடி இடைவெளியில்தான் வரும் என்பதால் ஓரளவு தாங்கும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் மாதிரி சரியான கணத்தில் தடுத்து, உருண்டு தப்ப வேண்டிய விளையாட்டில் பிங் அதிகமாக இருந்தால், பக்கத்தில் நின்று அடிக்கும் ஆயுதத்தை முதலில் எடுக்காதீர்கள். வில்லோ ஸ்டாஃபோ எடுங்கள்.

இனி சித்தி பையனின் ஆல்பியன். அங்கே கிளாஸ் பூட்டு இல்லை என்று சொன்னேன், பூட்டே இல்லை என்று சொல்லவில்லை. பயன்படுத்தும் ஆயுதத்தில்தான் தேர்ச்சி ஏறும். அகன்ற வாளில் மாதக்கணக்காக உழைத்த பிறகு வில்லுக்கு மாறினால், வில்லில் பெரும்பாலும் கீழிருந்துதான் தொடங்க வேண்டும். அதோடு சிவப்பு, கருப்பு மண்டலங்களில் இறந்தால் உடுப்பு, ஆயுதம் எல்லாம் போய்விடும். அதனால் முதலில் மஞ்சள் மண்டலத்துக்குள்ளேயே இருந்து, மலிவான ஆயுதங்களில் ஓர் அருகு ஆயுதம், ஒரு தூர ஆயுதம், ஒரு குணப்படுத்தும் ஸ்டாஃப் மூன்றையும் சில நாள் மாற்றி மாற்றிப் பார்க்கச் சொன்னேன். எது கைக்கு வருகிறதோ அதில் தேர்ச்சியை ஏற்றலாம். கில்டு வார்ஸ் 2-இன் அடிப்படை விளையாட்டும், ஃபைனல் ஃபேண்டஸியின் இலவசப் பதிப்பும் காசில்லாமல் கிடைக்கின்றன. கணினி இருப்பவர்கள் இதே சோதனையை அங்கேயும் செய்து பார்க்கலாம்.