யாருடன் போய்க் கதவைத் தட்டினோம்?

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

சமூகப்பணி படிக்கும் பிள்ளைகள் களப்பணிக்குக் கிளம்பும் காலம் இது. தோளில் ஒரு பை, கையில் வினாநிரல், மனது நிறைய ஆர்வம். அவர்களுக்காகவும், அவர்கள் வந்து கதவைத் தட்டப்போகும் வீடுகளில் இருப்பவர்களுக்காகவும் இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் ஆய்வு முறை ஒரு பாடமாக இருக்கும். ஆய்வு நெறி கடைசியில் தனிப் பாடமாக இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்பதை எனக்கு ஒரு பேருந்து நிறுத்தத்தில்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

1998-ல் நான் முதுகலை மாணவி. வடமாவட்டத்தில் ஒரு கிராமம். பெயர் சொல்ல மாட்டேன். காரணம் போகப் போகப் புரியும். சுய உதவிக் குழுப் பெண்களின் கடன் நிலவரம்தான் எங்கள் தலைப்பு. ஊருக்குப் புதியவர்கள் என்பதால் ஒரு குழுத் தலைவி தானாக முன்வந்து எங்களை வீடு வீடாக அழைத்துப் போனார். நல்ல வரவேற்பு, எல்லா வீட்டிலும் தேநீர். நாற்பது வீடு கேட்டோம். வெளியில் வட்டிக்குக் கடன் வாங்கியிருப்பதாகச் சொன்னவை மூன்றே வீடுகள். குழுக்கள் வந்த பிறகு கந்துவட்டி ஒழிந்துவிட்டது என்று அன்று இரவே குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்.

மறுநாள் ஊர் திரும்பப் பேருந்துக்காக நிற்கும்போது, முந்தின நாள் பார்த்த ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்றார். "ஏம்மா, அவங்களைக் கூட்டிக்கிட்டு வந்து கடன் இருக்கான்னு கேட்டா நாங்க எப்படிம்மா சொல்றது? அவங்ககிட்டதானே வட்டிக்கு வாங்கியிருக்கோம்" என்றார்.

நாற்பது தாள்களையும் மடியில் வைத்துக்கொண்டு ஊர் வரும்வரை நான் யாரிடமும் பேசவில்லை. எங்கள் வினாநிரலில் பிழை இல்லை. மாதிரி எடுத்த விதத்திலும், அதாவது எந்தெந்த வீடுகளைக் கேட்பது என்று தேர்ந்தெடுத்ததிலும், பிழை இல்லை. வீட்டுப் பட்டியல் போட்டு ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு என்று முறையாகத்தான் எடுத்திருந்தோம். எல்லாரும் சம்மதம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அந்தத் தலைவியின் முன்னால் "எனக்கு இஷ்டமில்லை, போங்க" என்று சொல்ல அவர்களில் ஒருவருக்காவது முடிந்திருக்குமா? மறுக்க முடியாதவரால் உண்மையையும் சொல்ல முடியாது. நெறி தவறிய அதே இடத்தில்தான் எங்கள் கணக்கும் தவறியிருந்தது.

இந்த நடு ஆள் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் மேக்கன் கவுண்டி என்ற இடம். அங்கே 1932-ல் அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்கள், நோயில்லாத 201 பேர். ஏழை விவசாயிகள். நோயின் பெயரைக்கூட அவர்களிடம் சொல்லவில்லை. "கெட்ட இரத்தம்" என்றார்கள். 1940-களின் பிற்பகுதியிலேயே பென்சிலின் இந்த நோய்க்கு உரிய மருந்து என்றாகிவிட்டது. இவர்களுக்குக் கொடுக்கவில்லை. 1972-ல் பத்திரிகையில் வந்த பிறகுதான் நிறுத்தினார்கள். நாற்பது வருடம்! இதில் பெரும்பாலான காலம் அந்த மனிதர்களை அழைத்து வந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற செவிலியர். அவரும் கறுப்பினப் பெண். தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு வருவார், வீட்டுக்குப் போய் நலம் விசாரிப்பார். ஆய்வை நம்பி அவர்கள் வரவில்லை, அந்தப் பெண்ணை நம்பி வந்தார்கள். களப்பணிக்குப் போகும் என் மாணவிகளிடம் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும். ஏனென்றால் பெரும்பாலும் அவர்கள் உட்காரப்போகும் நாற்காலி அந்தச் செவிலியரின் நாற்காலிதான். மக்கள் நம்புகிற முகம் நம்முடையது. அதன் பின்னால் இருக்கும் ஆய்வுத் திட்டம் வேறு யாருடையதோ.

நம் பக்கத்திலும் நடந்தது. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009-ல் பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போடும் திட்டம் ஒன்று ஆய்வாக நடந்தது. பலர் பழங்குடிக் குழந்தைகள், அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் அறிக்கை தந்தது. ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் விடுதி வார்டன்கள். இன்னும் 1,948 படிவங்களில் இருந்தது கைநாட்டு. பெற்றோர் ஊரில் இருந்தார்கள். வார்டன் சொன்னால் அந்தப் பிள்ளை கையை நீட்டத்தான் செய்யும்.

அந்தத் தடுப்பூசி கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கக்கூடிய நல்ல தடுப்பூசி. அதனால்தான் எனக்கு மனம் ஆறவில்லை. நல்ல பொருளைக் கொண்டுபோய், பெற்றோரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசாத காரணத்தால், அதன் மேல் சந்தேகத்தை விதைத்துவிட்டார்கள். இன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், பெற்றோர் ஒப்புதலோடு ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவையும் கேட்கச் சொல்கின்றன. சின்னப் பிள்ளையிடம் வாய்மொழியாக, பன்னிரண்டு வயதுக்கு மேல் எழுத்தில். பள்ளியில் ஆய்வு செய்யப் போகும் மாணவர்கள் தலைமை ஆசிரியரின் கையெழுத்தோடு நின்றுவிடக் கூடாது.

கேள்வி கேட்கும் மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் தமிழே சில இடங்களில் பதிலை வாயில் ஊட்டிவிடும். "பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறீங்கதானே?" என்று கேட்டால் எந்தத் தாய் இல்லை என்பாள்? அந்த ஒரு "தானே" போதும், தாள் முழுக்க ஆமாம் என்று வந்துவிடும். "இப்ப பையன் என்ன பண்றான்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "கடந்த பன்னிரண்டு மாதங்களில் மருத்துவச் செலவு எவ்வளவு?" என்று கேட்டால் எவருக்கும் நினைவு வராது. "போன பொங்கலுக்கு அப்புறம் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்துச்சா?" என்று தொடங்குங்கள். தை அறுவடை, ஆடித் திருவிழா, தீபாவளி என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு அவர்களே கணக்குச் சொல்வார்கள்.

இன்னொன்று, என்னை மிகவும் வருத்துவது. ஊர்த் தெருவில் "நீங்க, வாங்க" என்று பேசிவிட்டு, காலனிக்குள் நுழைந்ததும் அம்மா வயதுள்ள பெண்ணை "நீ" என்று கூப்பிடும் கணக்கெடுப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லிலேயே நேர்காணல் முடிந்துவிட்டது. பிறகு வருவதெல்லாம் அவர்கள் நம்மைச் சீக்கிரம் அனுப்பிவைப்பதற்காகச் சொல்லும் பதில்கள்.

எந்த நேரத்தில் போகிறோம் என்பதும் மாதிரியைத் தீர்மானிக்கும். பகல் பதினொரு மணிக்குப் போனால் கூலி வேலைக்குப் போனவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவர்களின் வீடு ஆறு மாதம் பூட்டியிருக்கும். "வீடு பூட்டியிருந்தது, அடுத்த வீட்டில் கேட்டோம்" என்று எழுதுவது எளிது. ஆனால் அந்த ஊரின் வறுமையே பூட்டிய வீடுகளில்தான் இருக்கிறது.

பேருந்து நிறுத்தத்து அம்மாவின் கதை அத்தோடு முடியவில்லை. திரும்பப் போனோம், இந்த முறை தலைவி இல்லாமல். களத்துமேட்டிலும் துணி துவைக்கும் இடத்திலும் பேசினோம். வேண்டாம் என்று ஏழு பேர் சொன்னார்கள். முதல் தடவை ஒருவர்கூடச் சொல்லவில்லை. பேசியவர்களில் பாதிப் பேருக்கு மேல் கடன் இருந்தது. இதை எப்படி எழுதுவது? "குழுத் தலைவியே வட்டிக்கு விடுகிறார்" என்று எழுதினால், யார் சொன்னது என்று ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயரை மாற்றினால் போதாது. சின்ன ஊரில் "கணவனை இழந்தவர், ஒரு கறவை மாடு, இரண்டு பெண் பிள்ளைகள்" என்றாலே அது யார் என்று எல்லாருக்கும் தெரியும். கடைசியில் ஊர்ப்பெயரை எடுத்துவிட்டு, பக்கத்து ஊர்களின் விவரத்தோடு சேர்த்தே எழுதினோம். அறிக்கையின் கூர்மை கொஞ்சம் மழுங்கியது. அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

மீண்டும் போவது என்பது தமிழ்நாட்டுக் கிராம ஆய்வுக்கு அந்நியமானது இல்லை. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராய்ந்து 1918-ல் நூலாக வெளியிட்டார். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துத் தூசி, நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான் எல்லாம் அதில் உண்டு. 1930-களில் பொருளியலாளர்கள் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களை மறுபடி ஆராயச் செய்தார்கள். பிறகும் ஆய்வாளர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். நூறாண்டு மாற்றத்தை ஒரே ஊரில் பார்க்க முடிகிறது என்றால், அது அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து பதில் சொன்னதால்.

அந்தக் கடன்பட்ட நமக்கு ஒரு வேலை இருக்கிறது. எழுதியதை எடுத்துக்கொண்டுபோய் அவர்களிடமே வாசித்துக் காட்டுவது. ஆசிரியரான பிறகு, வேறொரு ஊரில், மாணவர்களோடு மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் முடிவுகளை ஒவ்வொன்றாக வாசித்தோம். ஆடு வளர்ப்பில் கிடைக்கும் வருமானம் என்ற பகுதி வந்ததும் ஒரு பெண் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆடு வித்த காசை எழுதியிருக்கீங்க. தெனமும் அதுக்குத் தழை ஒடிக்க மூணு மணி நேரம் காட்டுக்குப் போறேனே, அதை எந்தப் பக்கத்துல எழுதியிருக்கீங்க?"

பக்கங்களைப் புரட்டினோம். எங்கள் தாளில் அதற்குக் கட்டமே போட்டிருக்கவில்லை. அங்கேயே திண்ணையில் வைத்து ஸ்கேலால் ஒரு கோடு இழுத்து, அவர் பேச்சில் சொன்னபடியே "தழை ஒடிக்கப் போகும் நேரம்" என்று எழுதி, அவரிடமிருந்தே மறுபடி கேட்க ஆரம்பித்தோம்.